முதலாளி உதயகலா

"உதயகலாவின்ரை பேரை வெட்டுங்கோ, விதானையார்!"

குணலட்சுமி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். மாதர் சங்கச் செயலாளர் எழும்பினால் விஷயம் சும்மா முடியாதென்று சனசமூக நிலையத்தில் இருந்த அவ்வளவு பேருக்கும் தெரியும்.

ஊருக்குப் பொறுப்பான அரசாங்க அலுவலர், விதானையார் அருட்பிரகாசம், மாதாந்த நிவாரணப் பட்டியலைப் பாதி வாசித்திருந்தார். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லவேண்டும். நாலு மணிக்குப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும்.

"ஏனம்மா? மனுசனும் இல்லாமல், ஒரு பெட்டைப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு கஷ்டப்படுற பிள்ளை. உங்கடை மில்லிலைதானே வேலை செய்யுது?"

"ஓம், எங்கடை மில்லிலை மிளகாய் அரைச்சுப் பழகினவ இப்ப தானே மில் போட்டிட்டா. இதைப் பாருங்கோ."

சங்கத்துக்கு வந்திருந்த கடதாசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். வீட்டுக்கோ சிறு தொழிலுக்கோ கூரையில் சோலார் பூட்டினால் செலவில் ஒரு பங்கைக் கழித்துத் தரும் அரசாங்கத் திட்டம். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண் தொழில் நடத்தினால் அரைவாசியே கழிப்பார்கள். கழிவு எடுத்தவர்களில் ஏழாவது பேர் உதயகலா. தொழில்: மா, மிளகாய் அரைத்தல்.

"பத்துத் தகடு, விதானையார்! பத்து! கரண்ட் வித்துக் காசு பாக்கிற ஆளுக்கு எங்கடை வரிக்காசிலை நிவாரணமோ?"

பின்வரிசையில் ஆரோ சிரித்தார்கள். "முதலாளியம்மா, எழும்பி முகத்தைக் காட்டுங்கோவன்!"

உதயகலா எழும்பினாள். வேலையில் இருந்து நேரே வந்திருக்கவேண்டும். தலைமயிரெல்லாம் மா.

"உண்மையோ பிள்ளை?" என்றார் விதானையார்.

"கையெழுத்து என்ரைதான், ஐயா."

"அப்ப மில் எங்கை கிடக்கு?"

உதயகலா குணலட்சுமியைப் பார்த்தாள். 

"வெட்டுங்கோ, ஐயா."

"யோசிச்சுச் சொல்லு. உன்ரை மகள் சாருஜாவுக்கு வாற வருஷம் ஏ.எல். சோதினை. இந்தக் காசும் நிண்டால் ரியூசனுக்கு என்ன செய்வாய்?"

"நிப்பாட்ட வேண்டியதுதான், ஐயா."

"என்ன நடிப்பு!" என்றாள் குணலட்சுமி. "கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வாய் வருதில்லை. கொன்வென்ரிலை சிஸ்டர்மார் எங்களுக்கு முதல் சொல்லித் தந்தது களவெடுக்கக் கூடாதெண்டு. இதுகளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

விதானையார் பெருமூச்சு விட்டார். சிவப்புப் பேனையை எடுத்து ஒரு கோடு இழுத்தார்.

மத்தியானம் கணவன் சண்முகநாதனுக்குச் சோறு போடும்போதும் குணலட்சுமிக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நாளையிலை இருந்து அந்த உதயகலாவை மில்லுக்கு எடுக்காதேங்கோ. எங்களிட்டைச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, எங்களுக்கே போட்டியா கள்ளமா மில் போட்டிருக்கிறாள். சோலாருக்கு அரைவாசிக் கழிவும் எடுத்திருக்கிறாள். சனத்துக்கு முன்னாலை கிழிச்சுப்போட்டு வாறன். நிவாரணத்தையும் வெட்டியாச்சு."

சண்முகநாதன் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன வேலையப்பா பாத்துப்போட்டு வந்திருக்கிறீர்?"

"ஏன்?"

"அது எங்கடை மில்லு."

"எங்கடை மில்லோ? அதின்ரை தகடு நீங்கள் முழுக்காசு குடுத்துப் பூட்டினதெல்லோ?"

"முழுக்காசுக்கு நான் எங்கை போறது? இந்த வீட்டுச் சோலாருக்கு என்ரை பேரிலை கழிவு எடுத்தாச்சு. ஒரு ஆளுக்கு ஒருக்காத்தான் தருவாங்கள். அதுதான் மில்லை அந்தப் பிள்ளை நடத்துறதெண்டு எழுதிக் குடுத்தனான். கையெழுத்து வை எண்டன், வைச்சுது. என்னத்துக்கெண்டும் கேக்கேல்லை."

குணலட்சுமி கறிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

சண்முகநாதன் கையை உதறிக்கொண்டு எழும்பினார். "இன்னும் நாலு மணி ஆகேல்லை. நான் விதானையாரிட்டைப் போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாறன். அதின்ரை பேரைத் திருப்பிப் போடட்டும்."

"சொன்னால், மில்லுக்கு எடுத்த கழிவு?"

"திருப்பிக் கட்டச் சொல்லுவாங்கள். வேறை என்ன?"



குணலட்சுமி சட்டியைத் திரும்ப எடுத்தாள்.

"இருந்து சாப்பிடுங்கோ," என்றாள். "அவள் நல்ல பிள்ளை. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் அந்தப் பேச்சுப் பேசியும் வாய் திறக்கேல்லை. இனியே திறக்கப்போறாள்?"