வளரப்போகும் ஆபத்து

லிப்டில் ஆசிரியையின் கூடைக்குள்ளிருந்து ஒரு சின்ன நாயின் கண்ணும் காதும் எட்டிப் பார்த்ததுமே, குடியிருப்புச் சங்கத் தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"கலப்புக் குட்டிம்மா. எவ்வளவு வளரும்னே சொல்ல முடியாது. நாலு மாசத்துல குரைச்சே கட்டடத்தை ரெண்டாக்கிடும். இன்னைக்கே வெளியேத்துங்க. நாயைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

உடனிருந்த செயலாளர் தலையாட்டினார். ஆசிரியை கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கடுகு என்று அவள் பெயர் வைத்திருந்த அந்த நாய் இல்லாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்காது.

"இவன் இனிமே வளர மாட்டான் சார்."

"அதெப்படி அடிச்சுச் சொல்றீங்க?"

"பதினாலு வயசாச்சு. ஓடியாடி வளர்ந்து, அடங்கி, பல்லெல்லாம் கொட்டிருச்சு. எல்லாம் உங்க தலைக்கு மேல இருக்கற வீட்லதான்."

செயலாளர் தலைவர் பக்கம் திரும்பினார். "ஒரு நாளாவது சத்தம் கேட்டுச்சா சார்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "குட்டி இருந்துட்டுப் போகட்டும்," என்று தொடங்கியவர், துணியை விலக்கிக்கொண்டு நீண்ட நரைத்த தாடையைப் பார்த்ததும், "பெரியவர் இருக்கட்டும்," என்று திருத்திக்கொண்டார்.