பதினேழாவது கேள்வி

"கூரை ஓலை. சுவர் களிமண். சோக்கான வீடு! எழுதுங்க பிள்ள, ஆறு புள்ளி" என்றார் நஜாத் சேர். ஓட்டை வழியே விழுந்த வெயிலைப் பார்த்ததும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

பாயில் உட்கார்ந்திருந்த அஸ்ரியா எழுதினாள். கெம்பஸ் விடுமுறையில் மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வறுமையை ஒழிக்கும் திட்டம் அது. மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். இருபது புள்ளி எடுத்த ஏழைக்கு மாரி மழைக்கு முன் தகரக் கூரை. பத்தொன்பது எடுத்தவன் பணக்காரன், அவன் நனையலாம். மாணவர்களுக்கு மஞ்சள் டீசேட்டும் உண்டு. 'வறுமையை வெல்வோம்' என்று முதுகுப் பக்கம் அச்சடித்திருந்தார்கள். வறுமை பின்னால் வந்தால் வாசித்துப் பயப்படட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!

சேர் திட்டத்தின் மேலாளர். கொழும்பிலிருந்து ஏசி வான் வண்டியில் மாம்புரிக்கு வந்து, அந்த வீட்டின் ஒரே கதிரையில் அமர்ந்திருந்தார்.

வீட்டுக்காரி ஸக்கியா இரண்டு கோப்பையில் பிளேன்டீ கொண்டுவந்தாள். சேருடையதில் சீனி. அஸ்ரியாவுடையதில் இஞ்சி.

"எங்கட திட்டத்தில ஆள் பாத்து உதவுற கதையே இல்ல ராத்தா. சொந்தக்காரங்கட வீட்டைக் கணக்கெடுத்தா அந்தப் பிள்ளையை அந்த இடத்திலயே வேலையால நிப்பாட்டுவன். அவ்வளவு நீதி!"

"மாஷா அல்லாஹ்" என்றாள் ஸக்கியா.

அஸ்ரியா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள். "புருசன்?"

"மவுத்தாகி நாலு வருசம்."

"தொழில்?"

"மிளகாய்த் தோட்டத்தில கூலி. கூப்பிட்டாத்தான்."

"மூணு வேளையும் சாப்பாடு?"

"சாப்பாடு எண்டா சோறா? பாண் துண்டையும் சேத்துக்கொள்றதா?"

அஸ்ரியா சேரைப் பார்த்தாள். சேர் படிவத்தைப் பார்த்தார். "அப்பிடி ஒரு கட்டம் இல்ல. அடுத்தது."

"ஆடு, மாடு, கோழி?"

"ஒரு பூனை."

அந்தப் பூனை அப்போது அஸ்ரியாவின் மடியில் ஏறிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"பூனைக்குப் புள்ளி இல்ல" என்றார் சேர், உண்மையான வருத்தத்தோடு.

ஆனாலும் இருபத்திரண்டு புள்ளி தேறிவிட்டது. சேர் போட்டோ எடுக்க போனை வெளியே எடுத்தார். அஸ்ரியா அவசரமாகப் படிவத்தை மடித்தாள்.

"பொறுங்க பொறுங்க. பதினேழாவது கேள்வி எங்க?"

அஸ்ரியாவின் முகம் வெளுத்தது. "வீட்டில மாசச் சம்பளம் எடுக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லதானே?"

"ஐயோ பிள்ள! 'இல்லதானே' எண்டு கேக்கப்படாது. பதிலை நாங்க ஊட்டப்படாது எண்டு பயிற்சியில சொல்லித் தந்ததுதானே? ஒழுங்காக் கேளுங்க."

ஒழுங்காகக் கேட்டாள், தலையை நிமிர்த்தாமல்.

ஸக்கியா மெதுவாகச் சொன்னாள். "பொய் சொல்ல ஏலாது சேர். ஒரு மகள் உழைக்கிறா. முப்பதாயிரம். இந்த மாசத்தோட அதுவும் முடியுது."

"படிவத்தில 'இன்று' எண்டுதான் இருக்கு. முடியிற கதை எங்களுக்குத் தேவையில்ல. சம்பளக்காரி உள்ள வீடு ஏழை வீடு இல்ல. வெட்டுங்க பிள்ள!"

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். உண்மை சொன்ன வாய்க்குக் கூரை கிடைக்காது என்று ஸக்கியாவுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

அஸ்ரியா வெட்டினாள். கண்ணீர் சொட்டி மை பரவியது.

சேர் விடுவதாயில்லை. "முப்பதாயிரம் எடுத்துக்கொண்டு பெத்த உம்மாவை ஓலைக்குக் கீழ போட்டிருக்கிறாவே, அதெல்லாம் ஒரு பிள்ளையா? வெக்கம் கெட்ட பிள்ள!"

அதுவரை அடக்கமாக நின்ற ஸக்கியாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ட பிள்ளையை ஒண்டும் சொல்லாதீங்க! அவட சம்பளத்தில தங்குற போடிங்குக்குக் காசு கட்டி, பஸ்ஸுக்குக் குடுத்து, மிச்சத்தில எங்க சேர் கூரை போடுற? சம்பளம் குடுக்கிற உங்களுக்குத் தெரியாதா? இந்தா, உங்கட முன்னாலதான் இருக்கிறா, அவக்கிட்டயே கேளுங்க."

சேர் பாயைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். இஞ்சி பிளேன்டீயைப் பார்த்தார்.

"இது உங்கட மகளா? எனக்கே டிமிக்கியா? விதி எண்டா விதிதான். இந்த நிமிசத்தோட உங்களுக்கு வேலை இல்ல பிள்ள!"

அஸ்ரியா பூனையை இறக்கிவிட்டு எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தையும் பேனாவையும் சேரின் கையில் வைத்தாள்.

"அப்ப இனி நீங்கதான் எழுதணும் சேர். இந்த வீட்டில இன்று சம்பளம் எடுக்கிறது யாரெண்டு உம்மாக்கிட்ட திருப்பிக் கேளுங்க. 'இல்லதானே' எண்டு மட்டும் கேட்டுப்போடாதீங்க."