புது ஸ்பிண்டில்

"மெஷினைப் போடறேன்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு அவன் கதவைச் சாத்துகிறான். "போடுங்க, போடுங்க" என்கிறாள் மனைவி. தெருவே சபித்த அந்த மெஷின் இரைச்சலை அவள் மட்டும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பழைய மோட்டார் கழற்றப்பட்டு மேசையில் கிடக்கிறது. செதுக்கும் இயந்திரத்தில் அதற்குப் பதிலாக மாட்டிய புது ஸ்பிண்டில் மோட்டார் சத்தமே இல்லாமல் சுழல்கிறது. மரத்தூள் வெயிலில் மிதக்க, பலகையில் ஓர் இலை நரம்பு நரம்பாக எழும்புகிறது. சுவருக்கு அப்பால் குழாய்த் தண்ணீர் கொட்டுகிறது. அதற்கும் மேலே, வாய்விட்டு ஒரு பாட்டு. கல்யாணமான நாளாய்க் கெஞ்சியும் அவனிடம் ஒரு வரி பாடாதவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். குழாய் மூடப்படுகிறது, பாட்டும் பாதியில் நிற்கிறது. "என்னங்க, மெஷின் ஓடலையா?" "இதோ, இப்பத்தான்" என்றபடி பழைய மோட்டாரின் வயரைச் செருகி, அதை மேசையோடு இறுக்கிப் பிடித்துச் சுவிட்சைத் தட்டுகிறான். வீடே அதிர்கிறது. இனி அவனுக்கு ஒன்றும் கேட்காது. பாடட்டும்.