இருப்பதே ஒரு பிரதிதான்

நார்வேயின் கல்வி அமைச்சர் ட்ரூல்ஸ் ஹோவ்டன், கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தான் படித்த கல்லூரியின் நூலகத்துக்குள் திருடனைப் போல நுழைந்தார். திருடத்தான் வந்திருந்தார்.

போன மாதம்தான் மீன்வள அமைச்சரின் பதவி பறிபோனது. அவர் மாணவராக இருந்தபோது கொடுத்த ஆய்வேட்டில் பாதி, வேறு யாரோ எழுதியது என்று ஒரு நிருபர் கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து அந்த ஆள் ஒவ்வொரு அமைச்சரின் ஆய்வேட்டையும் தேடி ஊர் ஊராக அலைகிறார். இன்று ட்ரூல்ஸின் முறை. பன்னிரண்டு மணிப் படகில் வந்து இறங்குகிறார்.

அதுவும் எந்த நேரத்தில்! பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாகச் சூடான மதிய உணவு என்று அறிவித்து, ‘சூப் அண்ணன்’ என்று நாடே அவரைக் கொஞ்சுகிற நேரம். அடுத்த பிரதமரே அவர்தான் என்றுகூடப் பேச்சு.

மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. ஆய்வேட்டை உருவிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“என்ன ட்ரூல்ஸ், வயித்துல புஸ்தகம் முளைச்சிருக்கு?”

நூலகர் யோருன். கூடப் படித்தவள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் பழுப்புச் சீஸையும் மேஜையில் பிரித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“யோருன், உன் கால்ல விழறேன். என்னைப் பார்க்காத மாதிரி இருந்துடு. இது வெளிய வந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது.”

“அடப்பாவி, நீயும் காப்பியடிச்சியா?”

அமைச்சர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

யோருன் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

“சும்மா கேட்டேன்டா. நிருபர் போன் பண்ணின உடனேயே, நேத்து நானே அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு அலசிட்டேன். ஒரு வரிகூட அடுத்தவன் எழுதினது இல்ல. நூத்துக்கு நூறு உன் சொந்த மூளை.”

அமைச்சர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நல்லாப் பார்த்தியா? ஒரு ரெண்டு பக்கமாவது?”

“இல்லவே இல்ல.”

“ஒரு பாராவாவது காப்பின்னு சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போகும்! எவனோ எழுதினதைத் தெரியாம எழுதிட்டேன்னு மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“அதெல்லாம் முடியாது. மாணவனா இருந்தாலும் எவ்வளவு தைரியமா எழுதியிருக்கே! நீயே மறந்தா எப்படி?”

வெளியே படகின் சங்கு ஊதியது. யோருன் அவருடைய கோட்டுக்குள்ளிருந்து ஆய்வேட்டை உருவினாள். அதன்மேல் விழுந்த ரொட்டித் துகளை ஊதிவிட்டு, உள்ளே வரும் நிருபரின் கண்ணில் முதலில் படுகிற மாதிரி மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

‘பள்ளியில் சூடான மதிய உணவா? அப்படிச் சொல்லும் அமைச்சரை முதலில் வீட்டுக்கு அனுப்புக! – ஆய்வாளர்: ட்ரூல்ஸ் ஹோவ்டன்.’