வெல்பி ஊர்ச் செய்தி

வெல்பி வரலாற்று விருந்துக் கழகத்தில் லூசிண்டாவுக்கு அது முதல் மதிய விருந்து. சூப் வந்ததும் வழக்கப்படி ஆளுக்கொரு ஊர்ச் செய்தி சொன்னார்கள்.

“ஹைரம் கடை ரொட்டி இன்னிக்கும் கருகிடுச்சு,” என்றார் தலைவர் ஓரின்.

“அவன் பொண்டாட்டி எங்க கவனிக்கறா? பாலத்து மேல நின்னு வம்பளக்கறா,” என்றாள் மேபல்.

எல்லோரும் சிரித்தார்கள்.

“இப்ப உன் முறைம்மா. ஊர்ல என்ன விசேஷம்?” என்று லூசிண்டாவிடம் கேட்டார் ஓரின்.

லூசிண்டா ஜன்னல் வழியே பார்த்தாள். மலையடிவரை ஏரி அசையாமல் கிடந்தது. ஹைரம் கடையும் பாலமும் பழைய வெல்பி ஊரோடு அந்த அணைத் தண்ணீருக்கடியில் போய் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

“உங்ககிட்ட மறைச்சு நான் இங்க சேர விரும்பல,” என்றாள். “இந்த அணையைக் கட்டின இன்ஜினியர் எங்கப்பாதான்.”

கரண்டிகள் நின்றன. மேபலின் முகம் வெளுத்தது.

ஓரின் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தார். பிறகு ஆப்பிள் கேக்கை லூசிண்டாவின் பக்கம் நகர்த்தினார்.

“எந்த அணைம்மா? நம்ம ஆத்துல முழங்கால் தண்ணிதானே ஓடுது!”

மேபல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போறப்ப பாலத்துல ஹைரம் பொண்டாட்டி நின்னா, ரொட்டி கருகுதுன்னு சொல்லிட்டுப் போ.”