அப்பா அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்

பணி ஓய்வுக்குப் பிறகு அப்பா தன் கையாலேயே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அது. காலையில் சுவிட்சைத் தட்டினால் விசிறி சுற்றும், இரண்டு தடவை கீச்சிடும், அப்படியே படுத்துவிடும்.

"பவர் சப்ளைதான் கோளாறு" என்று அதை மாற்றினார். பிரித்து மாட்டியதில் சாயங்காலம் ஓடியது. மறுநாள் காலை மறுபடி படுத்துவிட்டது.

"அப்போ மதர்போர்டுதான்" என்று அதையும் மாற்றினார். அதே கதைதான்.

விடுமுறைக்கு வந்திருந்த நான், "கொஞ்சம் தள்ளுங்கப்பா, நான் பார்க்கறேன்" என்றேன்.

"நீ சாஃப்ட்வேர். இது ஹார்டுவேர். போய் வேலையைப் பாரு."

அம்மா பெருமூச்சு விட்டாள். "பாவம்டி, பொழுதுக்கும் அதோடதான் மல்லுக்கட்டறார். முன்னெல்லாம் வெங்காயத்தை எப்படி நறுக்கணும்னு பக்கத்துலயே நின்னு சொல்லுவார். இப்ப சமையலறையை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்ல. நானும் என்னால ஆனது, தினமும் தூசி தட்டி வைக்கறேன்."

மறுநாள் காலை அப்பா குளிக்கப் போனதும் அறைக்குள் நுழைந்தேன். அம்மாவின் ஒரு கையில் துடைக்கும் துணி. இன்னொரு கை, திறந்து கிடந்த பெட்டிக்குள் ரேமைத் தளர்த்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்றே?"

அம்மா பதறவில்லை. குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லவேளை வந்தே. நேத்து இதுகிட்டதான் டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தார். கண்டுபிடிச்சிடுவார் போல. நீதான் படிச்சவளாச்சே, அடுத்து எதைக் கழட்டலாம், சொல்லு."