இரண்டாவது கட்டம்

படிவத்தில் 'பழைய நோய் திரும்பியது' என்ற கட்டத்தில் நான் பேனாவை வைத்ததும் டெல்மிரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

லீமா நகரின் மேட்டுச் சரிவில் இருக்கும் எங்கள் காசநோய் அறைக்கு, இரண்டு வருடத்துக்கு முன் ஆறு மாதம் வந்து மாத்திரை விழுங்கிப் போனவள். ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் வேலை. இப்போது மறுபடியும் சளியில் கிருமி.

கீழே இருக்கும் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

மறுதொற்று என்றேன். பழைய கிருமி சாகாமல் உள்ளே கிடந்து எழுந்தால் முதல் கட்டம். அது செத்து, வேறொருவரிடமிருந்து புதிதாக ஒட்டிக்கொண்டால் இரண்டாவது.

முதல் கட்டத்தில் போட்டால், ஒழுங்காக மருந்து சாப்பிடாதவள் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். அது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு நாள் தவறல நர்சம்மா. உங்க கண்ணு முன்னாடிதான் முழுங்கினேன். அதைக் கொன்னாச்சு. இது வேற."

உண்மைதான். பஸ் ஓடாத வேலைநிறுத்த நாளில்கூட நடந்தே ஏறி வந்திருக்கிறாள்.

முதல் கட்டம் என்றால் எனக்கு ஒரு தாளோடு வேலை முடியும். அந்த வருடம் நோய் திரும்பி வந்த எல்லோருக்கும் அதில்தான் போட்டிருந்தேன்.

மறுதொற்று என்று எழுதினால் சளி பெரிய ஆய்வகத்துக்குப் போகும், பட்டறைக்கு ஆள் வந்து எல்லோரையும் சோதிப்பார்கள், முதலாளி ஃபாஸ்டோ உன்னை வேலையில் வைத்திருக்க மாட்டான், யோசித்துக்கொள் என்றேன்.

மெஷின் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று அவன் ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருக்கிறான் என்றாள். உள்ளே மூன்று பேர் இருமுகிறார்களாம்.

கையை அவள் எடுக்கவில்லை.

"எழுதுங்க."

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன்.

கூட வேலை செய்பவர்களின் பெயர்களை உட்காரும் வரிசைப்படியே சொன்னாள். பத்துப் பெயர். கதவோரத்து மெஷினில் நிறுத்தினாள்.

அது அவளுடையதாக இருந்தது. இருமலைக் கேட்டு ஃபாஸ்டோ போன சனிக்கிழமையே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டானாம். தன் கத்தரிக்கோலை எடுக்கப் போனபோது அங்கே ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாளாம்.

அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது, ஆனாலும் அவளையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.